மூன்றாம் நபர்: பஞ்சமி நிலமும் வருவாய்த் துறையின் பதில் கடிதமும்



பஞ்சமி நிலத்தைத் தேடி மனுப் போடுகிற நம் ஆட்களின் பையில் ஒரே மாதிரியான ஒரு கடிதம் இருக்கும். ஊர் மாறும், வட்டம் மாறும், கையொப்பம் மாறும், வாசகம் மாறாது. ‘தாங்கள் கோரும் தகவல் மூன்றாம் நபர் தொடர்பானது. தனிநபர் தகவல் என்பதால் வழங்க இயலாது.’ இந்த இரண்டு வரிக்கு நூறாண்டைத் தாண்டிய ஒரு வரலாறு உண்டு. யார் இந்த மூன்றாம் நபர், அவர் எப்போது நம் நிலத்துக்குள் வந்தார், நம் பாட்டன் பெயர் இருக்கும் ஏட்டுக்கு நாம் எப்போது அந்நியரானோம் என்பதை வருவாய்த் துறையின் காகிதங்களின் வழியாகவே இன்று பார்க்கலாம்.

நிலத்தின் கதை இந்த அரங்குக்குப் புதிதல்ல. செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அம்மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். ஊரின் வயல் வேலை முழுவதையும் சுமக்கிறவர்களுக்குக் குடியிருக்கும் மனைகூட உறுதியில்லை என்பது அதில் பதிவானது. 1892 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட 1010, 1010-ஏ அரசாணைகள் அதன் தொடர்ச்சி. தரிசு நிலம் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒப்படை ஆயிற்று. வருவாய் வாரியத்தின் நிலையாணை 15இன்படி அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளை நம் கிராமத்துப் பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்: பத்து ஆண்டுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் கைமாற்றலாம், மீறினால் அரசு இழப்பீடு இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளும். மொத்தம் ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அது மிகை என்று சொல்லும் அதிகாரிகளும் உண்டு. கணக்கைச் சரிபார்க்கும் ஏடுகள் அவர்கள் அறையில்தான் இருக்கின்றன. விரித்துக் காட்டினால் வழக்கு முடிந்துவிடும்.

நிலத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு நாம் மனுவைப் பற்றிப் பேசவில்லை. அங்கேதான் இன்றைய கடிதத்தின் வேர் இருக்கிறது.

தரிசு நிலம் வேண்டி அரசுக்குக் கொடுக்கும் மனுவுக்கு அந்நாளில் தர்க்காஸ்து என்று பெயர். செங்கல்பட்டு மிராசு முறை வேரூன்றிய மாவட்டம். யாரும் பயிரிடாத நிலமானாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. சேரியிலிருந்து ஒருவர் தர்க்காஸ்து கொடுத்தால் அது ஊர்க் கணக்குப்பிள்ளையிடம் வரும், ஊருக்கு அறிவிக்கப்படும், ஆட்சேபணை கேட்கப்படும். ஆட்சேபிப்பவர் மிராசுதார். மனுவைக் கையில் வைத்திருக்கும் கணக்கர் அவருக்கு உறவு அல்லது அவரை அண்டிப் பிழைப்பவர். மனுக் கொடுத்தவரோ அதே மிராசுதாரின் படியாள். அவர் கூலி, அவர் கடன், அவர் குடிசை நிற்கும் மனை எல்லாம் எதிராளியின் பிடியில். நிலம் கிடைக்குமா என்பது பின்னால் தெரியும்; இன்னார் நிலம் கேட்டார் என்ற செய்தி அன்று மாலையே ஊருக்குத் தெரிந்துவிடும். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரிமார்கள் நிலத்துக்காகக் குரல் கொடுத்ததற்கு அவர்களுடைய சமய நோக்கம் ஒருபுறம் இருக்கட்டும். மனுக் கொடுப்பவருக்கு ஊருக்கு வெளியிலிருந்து ஒரு துணை இல்லாமல் மனு நகராது என்ற நிலை மறுபுறம் இருந்தது.

அந்தத் தலைமுறை எழுத்தின் வலிமையை அறியாததல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் ‘தமிழன்’ இதழைத் தொடங்கி 1914இல் மறையும் வரை நடத்தினார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை எப்படிப் பதியவேண்டும் என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் வாதாடியதன் பயனாக 1922இல் அரசு ஏடுகளில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுத அரசாணை வந்தது. அரசு நம்மைப் பற்றி வைத்திருக்கும் குறிப்பைத் திருத்தக் கேட்டு நாம் வென்ற முதல் பெரிய வழக்கு என்றே அதைச் சொல்லலாம். இன்று ‘தரவைத் திருத்தும் உரிமை’ என்று புதிதாகப் பேசுகிறார்கள். நம்மவர்கள் அதை நூறாண்டுக்கு முன்பே கேட்டுப் பெற்றார்கள்.

1920களில் தொழிலாளர் ஆணையர் துறையின் வழியாக நில ஒப்படை தொடர்ந்தது. ஒப்படையான நிலம் ‘அ’ பதிவேட்டில் ஏறும்: புல எண், பரப்பு, வகைப்பாடு, தீர்வை, பட்டாதாரர் பெயர், கடைசியில் குறிப்புக் கலம். அந்தக் கலத்தில் டி.சி. என்று இரண்டெழுத்து இருக்கும். ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் அது. பத்திரப் பதிவில் எது எழுதப்பட்டாலும், எத்தனை கை மாறினாலும், அந்த இரண்டெழுத்து அங்கே இருக்கும்வரை நிலம் பஞ்சமி நிலம். வாங்கியவர் ஏமாந்ததாகச் சொல்ல முடியாது.

ஆனால் பதிவேடு எங்கே இருந்தது? வட்ட அலுவலகத்தில் ஒரு படி, கர்ணத்திடம் ஒரு படி. கர்ணம் பரம்பரைப் பதவி. ஊர்க் கணக்கு அவர் வீட்டுத் திண்ணையில் எழுதப்பட்டு வீட்டுப் பெட்டியில் பூட்டப்பட்டது. அந்தத் திண்ணையில் நம் ஆள் ஏற முடியாது. தெருவில் நின்று கேட்கவேண்டும். அரசு ரகசியச் சட்டம் 1889இலும் 1923இலும் வந்தது என்று மாணவர்கள் படிப்பீர்கள். சேரிக்கு அந்தச் சட்டமே தேவைப்படவில்லை. திண்ணையே போதுமானதாக இருந்தது.

1979இல் தமிழக அரசு நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. யூ.டி.ஆர். என்று இன்றும் வட்ட அலுவலகத்தில் எல்லோரும் சொல்வது அதைத்தான். 1987 வரை நடந்தது. இடையில், 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982இல் அரசின் பக்கம் முடிந்தது. நம்மைப் பொறுத்தவரை அது நல்ல காரியம். தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் காலத்தைக் கவனியுங்கள். பழைய பதிவேட்டைப் பார்த்துப் புதிய பதிவேடு எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஏடுகள் கர்ணம் வீட்டிலிருந்து அரசு அலுவலகத்துக்குக் கைமாறின. எது ஒப்படைக்கப்பட்டது, எது பரணிலேயே தங்கியது என்று யார் சரிபார்த்தார்கள்? நிலமீட்பு இயக்கத் தோழர்கள் ஊர் ஊராகக் கண்டது இதுதான்: யூ.டி.ஆருக்கு முந்தைய ஏட்டில் டி.சி. இருக்கிறது, பிந்தைய ஏட்டில் அந்தக் கலம் வெறுமையாக இருக்கிறது. பெயர்க் கலத்தில் புதிய ஆள் இருக்கிறார். நிலம் பறிபோனது வயலில் மட்டும் நடந்ததல்ல. படியெடுக்கும் மேசையிலும் நடந்தது.

1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் உயிர் துறந்தார்கள். காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டமும், அங்கே நிறுவப்பட்ட அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டதும் அந்த நாளுக்கு இட்டுச்சென்றன. திரமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே மாவட்டம். நூற்றிரண்டு ஆண்டுக்கு முந்தைய ஓர் அரசாணையை நிறைவேற்றச் சொல்லிக் கேட்டதற்குக் கிடைத்தது குண்டு. அதற்குப் பிறகுதான் ஏட்டைக் கேட்பது என்ற வேலை நம் இயக்கங்களில் தீவிரமாயிற்று. வயலில் இறங்குவதற்கு முன் புல எண் கையில் இருக்கவேண்டும் என்று கற்றுக்கொண்டோம்.

அதே 1994 டிசம்பரில், ராஜஸ்தானின் கோட்கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் முதல் பொது விசாரணையை நடத்தியது. பஞ்சாயத்து வேலைகளின் கூலிப் பட்டியலையும் பற்றுச்சீட்டுகளையும் ஊரார் முன் உரக்க வாசித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா நடந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உயிர் கொடுத்தது அந்தக் கூலிப் பட்டியல்தான். அதில் என்ன இருந்தது? ஆட்களின் பெயர், நாள், தொகை, கைநாட்டு. இன்றைய அதிகாரியின் மொழியில் சொன்னால் முழுக்க முழுக்கத் தனிநபர் தகவல். அன்றே இந்தச் சொல்லை வைத்து மறுத்திருந்தால் அந்தச் சட்டமே பிறந்திருக்காது.

தமிழ்நாடு 1997இலேயே, நாட்டில் முதலாவதாக, ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது என்பதையும் சொல்லவேண்டும். விலக்குகள் இருபதுக்கும் மேல். நமக்கு அதனால் பெரிய பயன் ஏதுமில்லை.

2005 அக்டோபர் 12 முதல் மத்தியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை, ஒரு வெள்ளைத்தாள், முப்பது நாள். எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்கக்கூடாது என்று பிரிவு 6(2) சொல்கிறது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுத உதவவேண்டும். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். மறுத்தது சரி என்று நிறுவும் பொறுப்பு மறுத்தவருடையது. காரணமின்றித் தாமதித்தால் ஒரு நாளைக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய், அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து. கர்ணம் வீட்டுத் திண்ணைக்கு வெளியே நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது எத்தனை பெரிய மாற்றம் என்பதை நகரத்து நண்பர்கள் உணர்வது கடினம்.

இப்போது வட்ட அலுவலகத்துக்குள் மனு என்ன ஆகிறது என்று பார்ப்போம். மனு தபாலில் வந்து பொதுத் தகவல் அலுவலரிடம் போகிறது. அவர் பெரும்பாலும் துணை வட்டாட்சியர் நிலையில் இருப்பவர். அவரிடம் ஏடு இல்லை. ஆகவே மனு வருவாய் ஆய்வாளருக்கும், அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கும் அனுப்பப்படுகிறது. அதாவது, இன்ன சேரியின் இன்னார் இன்ன புல எண்ணின் பழைய பதிவைக் கேட்கிறார் என்ற செய்தி அந்த ஊருக்கே திரும்பிப் போகிறது. அன்று இரவே ஒரு பெரிய மனிதர் வீட்டிலிருந்து ஆள் வந்து, ‘என்னப்பா, கவர்மெண்டுக்கு லெட்டர்லாம் போடுறியாமே’ என்று கேட்பார். தர்க்காஸ்து காலத்திலிருந்து இந்தப் பாதை மாறவில்லை. நிலத்தை வைத்திருப்பவரின் பெயர் தனிநபர் தகவல். அதைக் கேட்டவரின் பெயரும் முகவரியும் தேநீர்க் கடைச் செய்தி.

மனுதாரரின் முகவரியைக் காப்பது அரசின் கடமை என்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கை அல்ல. 2013இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம், தகவல் கேட்பவர் வீட்டு முகவரிக்குப் பதில் அஞ்சல் பெட்டி எண் கொடுத்தால் போதும் என்றது. அடுத்த ஆண்டு மத்தியப் பணியாளர் துறை அந்த ஆணையைத் தன் அலுவலகங்களுக்குச் சுற்றுக்கு விட்டது. 2010இல் புனேயில் சதீஷ் ஷெட்டி கொல்லப்பட்டார். நில முறைகேடுகளைத் தகவல் மனுக்களால் தோண்டியவர் அவர். 2014இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய முறைகேடுகளை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் ஆண்டுகள் பல கடந்தும் நடைமுறைக்கு வராமல் காகிதமாகவே கிடக்கிறது.

முப்பதாவது நாளை ஒட்டிப் பதில் வரும். ஏடு சிதிலமடைந்துள்ளது, அல்லது, கோப்பு இவ்வலுவலகத்தில் இல்லை, அல்லது, நாம் முதலில் சொன்ன மூன்றாம் நபர். சிதிலத்துக்கும் காணாமல் போனதற்கும் ஓரளவு விடை உண்டு. ஒரு காலத்தில் அரசின் பதிவில் இருந்த தகவலை, தேடிக் கிடைக்கவில்லை என்று ஒற்றை வரியில் சொல்லி முடித்துவிட முடியாது, முறையாகத் தேடவேண்டும், பொறுப்பை விசாரிக்கவேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லியிருக்கிறது. வட்டத்தில் இல்லாத ஏட்டுக்கு மாவட்டப் பதிவறையும் எழும்பூர் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. மூன்றாம் நபர்தான் நம்மை நிறுத்திவைக்கிறார்.

சட்டத்தின் பிரிவு 11 என்ன சொல்கிறது? ஒரு தகவல் மூன்றாம் நபரைப் பற்றியதாக அல்லது அவர் கொடுத்ததாக இருந்து, அவர் அதை ரகசியமாகக் கருதியும் வந்தால், ஐந்து நாளுக்குள் அவருக்கு அறிவிப்புக் கொடுக்கவேண்டும். அவர் பத்து நாளுக்குள் தன் கருத்தைச் சொல்லலாம். கருத்துத்தான். முடிவு அலுவலருடையது. ‘அ’ பதிவேட்டை எந்தத் தனிநபரும் எழுதிக் கொடுக்கவில்லை. அரசு எழுதியது, அரசு நிலத்துக்காக எழுதியது, நிபந்தனையோடு எழுதியது. இதில் ரகசியம் எங்கிருந்து வந்தது?

இங்கே ஒரு கொடுமையைக் கவனிக்கவேண்டும். ஒப்படை பெற்றவர் நம் பாட்டன். ஏட்டில் முதலில் ஏறிய பெயர் அவருடையது. அவர் பேரன் மனுப் போடுகிறான். பட்டா இப்போது வேறொருவர் பெயரில் இருப்பதால், ‘மனுதாரர் பட்டாதாரர் அல்ல’ என்று பதில் வருகிறது. பறித்தவர் ‘தனிநபர்’ ஆகிறார். அவருக்கு அந்தரங்கம் உண்டு. பறிகொடுத்தவன் வழிப்போக்கன் ஆகிறான். பறிப்பு முழுமையடைந்துவிட்டது என்பதே தகவல் மறுப்புக்குக் காரணமாகிறது. பட்டா அவன் பெயரிலேயே இருந்திருந்தால் அவன் ஏன் மனுப் போடப்போகிறான்?

தனிநபர் தகவல் என்ற விலக்கு, பிரிவு 8(1)(ஜே), 2005இல் எழுதப்பட்டபோது அளவோடு எழுதப்பட்டது. பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுகிற தகவலை மறுக்கலாம். பெரிய பொதுநலன் இருந்தால் அதையும் தரலாம். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக்கூடாது என்று ஒரு வரியும் இருந்தது. 2012இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அரசு ஊழியரின் பணிப் பதிவும் சொத்து விவரமும் தனிநபர் தகவல் என்றது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அலுவலகங்களில் இந்த எண் தண்ணீர்பட்ட பாடு ஆயிற்று. எந்த மனுவுக்கும் பொருந்தும் ரப்பர் முத்திரை அது.

2023இல் வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44(3)ஆம் பிரிவால் மேற்சொன்ன அளவுகள் அத்தனையையும் வெட்டிவிட்டது. 2025 நவம்பர் முதல் அந்த வெட்டு நடைமுறையில் இருக்கிறது. இப்போது விலக்கின் வாசகம் ஒரே வரி: தனிநபர் தகவல் தொடர்பானது. அவ்வளவுதான். இந்தச் சட்டம் தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தவும் ஒருவருக்கு உரிமை தருகிறது என்று சொல்வார்கள். படித்துப் பாருங்கள். அந்தப் பார்க்கும் உரிமை, நாம் சம்மதம் கொடுத்துப் பெறப்பட்ட தரவுக்கானது. 1920களில் எழுதிய பதிவேட்டுக்கு யாரிடம் சம்மதம் கேட்டார்கள்? மேலும் அது எண்ம வடிவில் உள்ள தரவுக்கான சட்டம். நூல் கட்டிய ஏடு அதற்குள் வராது. ஆனால் அதே சட்டம் செய்த வெட்டு நூல் கட்டிய ஏட்டையும் மூடுகிறது. திறக்கும்போது கணினிக்கு மட்டும், மூடும்போது காகிதத்துக்கும் சேர்த்து.

இதைச் சொல்லும்போது, தனியுரிமையே மேல்தட்டின் சூழ்ச்சி என்று பேசும் தோழர்களோடு நமக்கு உடன்பாடில்லை. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அதை அடிப்படை உரிமை என்று சொன்னது நமக்கும் சேர்த்துத்தான். உதவித்தொகைப் பட்டியலைச் சாதியோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டும் கல்லூரியில் முதலில் கூனிக் குறுகுவது நம் பிள்ளை. வாடகை வீடு தேடும்போது, வேலையில் சேரும்போது, தன் சாதியை எப்போது, யாரிடம் சொல்வது என்று தானே முடிவு செய்யும் உரிமை நம்மைப் போல் வேறு யாருக்குத் தேவை? ஆனால் அரசு அந்த இடத்தில் நம் அந்தரங்கத்தைக் காத்ததா? நூறு நாள் வேலைத் திட்டத்தின் இணையதளத்தில் வேலை அட்டை எடுத்த குடும்பத்தின் பெயர், எஸ்.சி. என்ற வகைப்பாடு, வேலை செய்த நாள், வாங்கிய கூலி எல்லாம் ஆண்டுக்கணக்கில் உலகத்துக்கே திறந்து கிடந்தன. முறைகேட்டைத் தடுக்க அது வேண்டும் என்று நாமே ஏற்றுக்கொண்டோம். கூலிக்காரியின் 200 ரூபாய்க்குப் பொருந்தும் நியாயம் நிலக்காரரின் 20 ஏக்கருக்கு ஏன் பொருந்தவில்லை என்பதே கேள்வி.

இன்னொரு வேடிக்கை. வருவாய்த் துறையின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் பட்டாவும் ‘அ’ பதிவேட்டு விவரமும் பார்க்கலாம். பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். அங்கே பட்டாதாரர் பெயரும் அவர் தந்தை பெயரும் பளிச்சென்று இருக்கின்றன. மனை வாங்குபவர், வங்கிக்காரர், தரகர் எவருக்கும் அவர் மூன்றாம் நபர் அல்ல. சேரியிலிருந்து மனு வந்தால் மட்டும் ஆகிவிடுகிறார். அந்தத் தளத்தில் கிடைப்பது இன்றைய பெயர். கிடைக்காதது நேற்றைய பெயரும் அந்த இரண்டெழுத்தும். துறை காப்பது ஒருவரின் பெயரை அல்ல, அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை.

இனி, கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதற்கு வருவோம். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

44(3) வெட்டாமல் விட்ட இடங்கள் உண்டு. பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது: வெளியிடுவதில் உள்ள பொதுநலன் மறைப்பதால் காக்கப்படும் நலனைவிடப் பெரிது என்றால் எந்த விலக்கையும் மீறித் தரலாம். ‘தரலாம்’ என்பதால் அலுவலர் மனம் வைக்கவேண்டும். அதை நம்பி அதிக தூரம் போக முடியாது. 8(3) வேறு. மனுக் கொடுக்கும் தேதிக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்வு பற்றிய தகவலைக் கேட்பவருக்குக் கொடுத்தாகவேண்டும் என்கிறது அது. மூன்று விலக்குகளுக்கு மட்டும் அது கட்டுப்பட்டது: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு போன்றவை பற்றிய ‘ஏ’, சட்டமன்ற உரிமை பற்றிய ‘சி’, அமைச்சரவைக் குறிப்புகள் பற்றிய ‘ஐ’. தனிநபர் தகவல் பற்றிய ‘ஜே’ அந்த மூன்றில் இல்லை. 2023 சட்டமும் இதைத் தொடவில்லை.

இதன் பொருளைப் பாருங்கள். 1892 அரசாணையின் வழி வந்த ஒப்படைகள் இருபது ஆண்டைத் தாண்டியவை. தொழிலாளர் துறை ஒப்படைகள் தாண்டியவை. யூ.டி.ஆர். முடிந்ததே 1987இல். டி.சி. என்ற எழுத்து எந்த ஆணையால் நீக்கப்பட்டது, பெயர் எந்த ஆணையால் மாறியது என்று கேட்டால் அதற்கு ‘தனிநபர் தகவல்’ என்ற பதில் சட்டப்படி செல்லாது. நம் தோழர்கள் கொண்டுவந்து காட்டும் மனுக்களில் பத்தில் ஒன்றில்கூட 8(3) குறிப்பிடப்படுவதில்லை. ‘எங்கள் ஊர்ப் பஞ்சமி நிலத்தை அனுபவிப்பவர்களின் பெயர்ப் பட்டியல் தருக’ என்று கேட்கிறோம். ஆளைக் கேட்பதால் ஆளைக் காட்டி மறுக்கிறார்கள். ஏட்டைக் கேட்கவேண்டும். இன்ன கிராமத்தின் இன்ன புல எண்ணுக்கு யூ.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின் பக்கம், பிந்தைய பதிவேட்டின் பக்கம், இடைப்பட்ட பட்டா மாறுதல் ஆணையின் நகல், அந்த ஏடு இல்லையென்றால் அது அழிக்கப்பட்டதற்கான ஆணையின் நகல். கூடவே பிரிவு 2(ஜே)யின் கீழ் நேரில் பார்வையிட அனுமதி. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. இருவராகப் போங்கள். செல்பேசியில் படமெடுக்க விடாவிட்டால் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பெடுப்பது அதே பிரிவு தரும் உரிமை.

மனுவை ஊர் முகவரியிலிருந்து அனுப்பவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தனியாளாகப் போடாமல் வெவ்வேறு வட்டங்களைச் சேர்ந்தவர்கள் ஒருவர் ஊருக்கு மற்றவர் போடுவது நல்லது. காரணம் சொல்லத் தேவையில்லாத சட்டம் இது. அந்த ஊர்க்காரராக இருக்கவேண்டிய தேவையும் இல்லை. படியாளைத் தர்க்காஸ்து காட்டிக்கொடுத்தது போல் இன்றைய மனு ஒருவரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க இப்போதைக்கு நம்மிடம் இருக்கும் வழி இதுதான்.

மறுப்பு வந்தால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் காத்திருப்பு நீளமானது. அதைத் தெரிந்துகொண்டே போகவேண்டும். ஆனால் மறுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போடவேண்டாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது, பட்டியல் சாதியினரின் நிலத்தை முறைகேடாகக் கைப்பற்றுவது என்பதற்கான விளக்கத்தில் நிலத்தின் ஆவணங்களைப் போலியாகப் புனைவதும் சேர்க்கப்பட்டது. கடமையைப் புறக்கணிக்கும் அரசு ஊழியர் மீது அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு பேசுகிறது. பழைய ஏட்டில் இருந்த இரண்டெழுத்து புதிய ஏட்டில் எப்படிப் போயிற்று என்று கேட்டு, அதற்குப் பதில் இல்லை என்று துறையே கையொப்பமிட்டுக் கொடுத்த தாள், தேதியோடும் எண்ணோடும், வழக்கின் முதல் ஆவணமாக இணைக்கப்படவேண்டியது.